தேடிப் படித்த சந்திரகாந்தா

எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போன அப்பாவும் அம்மாவும் வாங்கித் தந்த பட்டம் அது. எனக்கு அடுத்தபடியாக உத்தியோகம் என்ற ஒன்றில் உட்கார வேண்டியிருந்தவள் சந்திரகாந்தா. உட்காரவில்லை. அவளைப் பற்றி எழுத வேறு யாரும் வரப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

உக்குவளையில் ரயில் பாதையைக் கடந்து மேலே ஏறும் மண் ரோட்டின் முடிவில் எங்கள் தோட்டம். ரப்பரும் கொக்கோவும் மிளகும் கலந்து நிற்கும். அவளும் நானும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. ஒருமுறை கல்விக் கந்தோரிலிருந்து பள்ளியைப் பார்வையிட ஐயாமார் வந்தார்கள். எல்லாப் பாடமும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லும்படி தலைமை வாத்தியார் முதல்நாளே எங்களுக்குப் பாடமாக்கி வைத்திருந்தார். வந்தவர் சந்திரகாந்தாவை எழுப்பி, "விஞ்ஞானம் யார் படிப்பிக்கிறது?" என்று கேட்டார். "அதுக்கு வாத்தியார் இல்லைங்க ஐயா. நாங்களேதான் பாத்துக்கிறோம்" என்றாள். ஐயாமார் போனபின் அவள் உள்ளங்கை இரண்டும் வீங்கின. அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சையில் அந்த விஞ்ஞானப் பாடத்தில் சித்தி பெற்றாள். வாத்தியார் அப்போதும் வந்திருக்கவில்லை.

அதன்பின் அவளும் அவள் அம்மா சுந்தரம்மாவோடு பால் வெட்டத்தான் போனாள். நான் பல்கலைக்கழகம் போனேன்.

யுத்தம் மறுபடி மூண்ட வருடம் அது. வெளிநாட்டுப் பணத்தில் ஓர் அமைப்பு மாத்தளை டவுனில் மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, தோட்டத்துப் பிள்ளைகளை மருத்துவிச்சிகளாகப் பழக்கத் தொடங்கியது. தோட்ட டிஸ்பென்சரிகள் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த காலம். பயிற்சியை முடிக்கிறவளுக்கு அவளுடைய தோட்டத்திலேயே வேலை, கூடவே டிஸ்பென்சரிக்குப் பின்னாலுள்ள குவார்ட்டர்ஸ். தனிக் குழாய், தனிக் கக்கூஸ். சுந்தரம்மா அந்தக் குவார்ட்டர்ஸைப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, எந்த மூலையில் அடுப்பு வைப்பது என்றுகூடத் தீர்மானித்து விட்டாள்.

சித்தி பெற ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு மாணவியும் தன் தோட்டத்தில் ஒரு கர்ப்பிணியைத் தேர்ந்து, பிள்ளைப்பேறு வரை கூடவே இருந்து கவனிக்க வேண்டும். அந்தப் பெண்ணைப் ‘பாட அம்மா’ என்பார்கள். பாட அம்மா நல்லபடியாகப் பெற்றெடுத்தால் மாணவிக்குச் சான்றிதழ். சந்திரகாந்தாவின் பாட அம்மா, லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராவிலிருந்த அழகையாவின் பெண்சாதி புஷ்பவதி.

"ஏண்டி டொக்டரம்மா, எவ் வயித்தப் பாத்துப் பாத்தே நீ வேலக்கிப் போயிறப் போற. எனக்கு என்னா தருவ?"

"ஒம் மகனுக்கு ஊசி போடுறேன் அக்கா."

"அடி செருப்பால! மொத ஊசி ஒனக்குத்தான் போடணும், வாயில."

வகுப்பின் ஆசிரியர் டொக்டர் மாணிக்கவாசகம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சுற்று வட்டாரத் தோட்டங்கள் சிலவற்றுக்கு அவரேதான் வந்து பார்க்கும் டொக்டரும். யாராவது நோயாளியைத் தோட்ட லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டுமானால் அவர் எழுதித் தரும் துண்டுச் சீட்டு வேண்டும், அல்லது அவர் சொன்னதாக ஒரு வார்த்தையாவது வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். தோட்டத்தை நடத்தும் துரைகூட அதை மீற மாட்டார்.

முதல் வருடம் அவர் பழைய வாத்தியார்களைப் போலத்தான் இருந்தார். நோட்ஸ் சொல்வார், எழுத வேண்டும். கேள்வி கேட்டால் முதலில் வசவு விழும். "மண்டையில என்னா, கொக்கோ கொட்டையா?" என்பார். ஆனால் வசவு முடிந்ததும் பதில் வரும். விளக்கமாக, விளங்கும் வரைக்கும், கரும்பலகையில் படம் போட்டு. அப்படித்தான் பிள்ளை தலைகீழாகக் கிடந்தால் வயிற்றைத் தொட்டு எப்படி அறிவது என்று சந்திரகாந்தா படித்தாள்.

அந்த வருட முடிவில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து ஆசிரியர்களை மதிப்பிட்டார்கள். மாணவர் தாமே கற்பதற்கு ஆசிரியர் எவ்வளவு துணை நிற்கிறார் என்பதுதான் அளவுகோல். மாணிக்கவாசகத்துக்கு மிகக் குறைந்த புள்ளி. ‘கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். மாணவிகள் அவரிலேயே சாய்ந்து நிற்கிறார்கள்’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவரைவிட வயதில் மிகவும் இளைய, நேற்று வந்த ஆசிரியர்கள் மத்தியில் அது வாசிக்கப்பட்டது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டிவரும் என்றும் சொல்லப்பட்டது.

மறுநாள் வகுப்புக்கு வந்தவர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.

"இனிமே என்கிட்ட யாரும் வாயத் தொறந்து கேக்கக் கூடாது. கேட்டா ஒரே பதில்தான். தேடிப் படி. வெளங்கிச்சா?"

"எங்க தேடுறதுங்க ஐயா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அதயும் தேடு."

அன்றிலிருந்து அப்படித்தான். புத்தகங்கள் ஓர் அலுமாரியில் இருந்தன. எல்லாம் ஆங்கிலம். அலுமாரிக்குப் பூட்டு. புத்தகம் கிழிந்தால் அமைப்புக்கு யார் பதில் சொல்வது? உக்குவளை ஸரீனா, சந்திரகாந்தாவுக்குப் பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவள், பகிடி விடுவாள்: "அல்லாஹ்வே, நாளைக்கு இவர்ட கக்கூஸ் எங்கன்னு கேட்டாலும் தேடிப் பாக்கச் சொல்வாருடி. அதுக்கிடையில எல்லாம் முடிஞ்சிரும்." சிரிப்பார்கள். தெரியாமல் நின்ற பிள்ளையை அவர் மேசைமேல் ஏறி நிற்கச் சொல்வார். "இவ தேடாதவ. நல்லாப் பாத்துக்கோங்க" என்பார். சந்திரகாந்தாவும் ஏறி நின்றிருக்கிறாள். கீழே இறங்கினால் சான்றிதழ் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாம் வருட மதிப்பீட்டுக்கு வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் சரளமாகத் தெரிந்த தோட்டத்துப் பையன் ஒருவன் மாத்தளையில் இருக்கிறான் என்று என்னைக் கூட்டிப் போனார்கள். அதனால் அன்று நடந்தவற்றை நானே கண்டேன்.

அன்றைக்கு முதல்நாள் காலை நான் காணாதது. சுந்தரம்மா சொன்னது. புஷ்பவதி எழும்பியபோது முகம் அதைத்திருந்தது. வளையலைக் கழற்ற முடியவில்லை. தலை பிளக்கிறது, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். லயத்துப் பெண்கள் அவளைச் சுற்றி நின்று சந்தோஷப்பட்டார்கள். முகம் பூரித்தால் பெண் பிள்ளை என்பது அங்கே ஒரு கணக்கு. சந்திரகாந்தாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. கால் வீங்குவது சாதாரணம் என்று டொக்டர் முதல் வருடம் சொல்லித் தந்திருந்தார். முகம் வீங்குவதைப் பற்றிய பாடத்துக்குள் போகுமுன் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துறலாமா?"

புஷ்பவதியிடம் அடையாள அட்டை இல்லை. போன மாதம்தான் அழகையாவை ஆமிக்காரர்கள் ரோட்டுச் சோதனை மறியலில் இறக்கி, முழங்காலில் உட்கார வைத்து, வாயில் இரத்தம் வர அனுப்பியிருந்தார்கள். அவனிடமாவது அட்டை இருந்தது. ஆகவே அவன், "தொரையோட லொறியில துண்டோட போனாத்தான் போவோம். பஸ்ஸுல நான் இவளக் கூட்டிப் போகமாட்டேன் தங்கச்சி. நீ நாளைக்கு டொக்டரக் கேட்டு வா" என்றான்.

மதிப்பீட்டு நாளில் அலுமாரி திறந்து வைக்கப்பட்டிருந்தது. புத்தகங்களைத் துடைத்து அடுக்கியிருந்தார்கள். வந்தவர்களில் ஒரு மேடம், ஒரு ஐயா. டொக்டர் புதுச் சட்டையில் இருந்தார். யார் யார் என்னென்ன கேட்க வேண்டும் என்று அவர் முன்பே பங்கு போட்டுக் கொடுத்திருந்தார். தோட்டத்தின் பெயரோ நோயாளியின் பெயரோ யார் வாயிலும் வரக்கூடாது, அது நோயாளியின் அந்தரங்கம் என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சந்திரகாந்தாவுக்குக் கிடைத்த கேள்வி தாய்ப்பாலைப் பற்றியது.

அவள் முறை வந்தது. எழுந்தாள்.

"ஐயா, ஒரு அம்மாவுக்கு மாசம் கூடிக்கிட்டு இருக்கு. காலையில மொகம் வீங்குது. தலவலி. கண்ணு முன்னுக்குப் பூச்சி பறக்குதுங்கிறாங்க. அது சும்மா இருக்கலாமா, கூட்டிப் போகணுமா?"

டொக்டரின் முகம் ஒரு கணம் இறுகியது. அது அவர் கொடுத்த கேள்வி இல்லை. நான் அதை மேடத்துக்குப் பெயர்த்தேன். மேடம் பேனையை எடுத்தார். அதைப் பார்த்ததும் டொக்டர் சிரித்தார்.

"மிகவும் நல்ல கேள்வி, சந்திரகாந்தா. இதற்கு நான் பதில் சொன்னால் அது என்னுடைய அறிவு. நீங்களே தேடினால் அது உங்களுடைய அறிவு. தேடிப் படித்துவிட்டு நாளைக்கு வந்து வகுப்புக்குச் சொல்லுங்கள்."

அப்படித்தான் பேசினார், மேடைத் தமிழில். அதையும் பெயர்த்தேன். இரண்டையும் ஒரு சொல் கூடாமல் குறையாமல் பெயர்த்தேன். மேடம் பக்கத்திலிருந்தவரின் முழங்கையைத் தொட்டு, இதைத்தான் நாங்கள் தேடி வந்தோம் என்றார்.

சந்திரகாந்தா உட்காரவில்லை. "நாளைக்கு வரைக்கும் பொறுக்குமாங்க ஐயா?"

"பாருங்கள், கற்பதற்கு எவ்வளவு அவசரம்!" என்றார் டொக்டர். வந்தவர்கள் சிரித்தார்கள். ஸரீனா அவள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அவள் கேட்டது ஒரு புத்தகக் கேள்வி என்று அவர் நினைத்தார். பின்னாளில் விசாரணையில் அவர் சொன்ன இந்த ஒன்றை மட்டும் நான் நம்புகிறேன்.

வகுப்பு முடிந்த கையோடு எங்களை வான் வண்டியில் ஏற்றிச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சந்திரகாந்தா படியிறங்கி ஓடி வந்திருக்கிறாள். டொக்டர் வான் கதவில் கைவைத்தபடி, திரும்பாமலே, "நாளைக்கு, நாளைக்கு" என்றாராம். மேலே போய்ப் பார்த்தாள். காவலாளி அலுமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவன் பூட்டுமுன் ஒரு புத்தகத்தைப் புரட்டினாள். ஊதிய முகத்தோடு ஒரு வெள்ளைக்காரியின் படம் இருந்தது. கீழே எழுதியிருந்தது அவளுக்குத் தெரியாத மொழி.

அவள் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே, அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் ‘நானா’ என்று கூப்பிடும் புஹாரியின் மருந்துக்கடை. அவருக்கு ஆங்கிலம் தெரியும். கடையில் நின்ற சனத்தை விலக்கிக்கொண்டு கேட்டாள்.

"மகள், இது பிரஷர்ட வேல. இண்டைக்கே கொண்டுபோய்ப் பெரியாஸ்பத்திரியில காட்டுங்க. வெச்சிக்கொண்டு இருக்க வாணாம். வலிப்பு வந்தா ரெண்டு உசிரும் போகும்" என்றார் புஹாரி. "ஒங்கட டொக்டர் என்ன சொன்னார்?"

"தேடச் சொன்னாரு நானா."

புஹாரி அவளை ஒரு தினுசாகப் பார்த்தாராம். "தேடியாச்சு. இனி ஓடுங்க."

அவள் தேடிவிட்டாள். டொக்டர் கேட்டது எதுவோ அது அந்தப் பின்னேரமே அவள் கையில் இருந்தது. பஸ்ஸில் வந்து இறங்கி, மண் ரோட்டில் ஓட்டமும் நடையுமாக ஏறி, நேரே பால் ஸ்டோருக்குப் போனாள். தோட்டத்துப் பெரிய கண்டக்டர் நாகமுத்து, துரைக்கு அடுத்தபடி வேலைகளைப் பார்ப்பவர், அங்கே நின்றார். லொறி பக்கத்திலேயே நின்றது. பால் ஊற்ற வந்த சனம் வாளியோடு நின்றது. அழகையாவும் நின்றான்.

"ஐயா, புஷ்பவதி அக்காவ இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். லொறி வேணும்."

"துண்டு?"

"துண்டு இல்லைங்க ஐயா."

"சரி, டொக்டர் என்னா சொன்னாரு?"

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்தில் வேறு யாராக இருந்தாலும், ‘கொண்டுபோகச் சொன்னாரு’ என்று சொல்லியிருப்பார்கள். நாகமுத்துவும் அதைத்தான் எதிர்பார்த்து லொறி டிரைவர் பக்கம் பாதி திரும்பியிருந்தார் என்று அங்கே நின்ற பலரும் எனக்குச் சொன்னார்கள்.

"தேடிப் படிக்கச் சொன்னாருங்க."

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு எல்லாரும்.

"என்னாது? தேடிப் படிக்கச் சொன்னாரா?" நாகமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அப்ப போய்ப் படி புள்ள. லொறிய எதுக்குக் கேக்குற, புத்தகம் ஏத்தவா?"

"இல்லைங்க ஐயா, மருந்துக்கடை புஹாரி நானா சொன்னாரு, இன்னைக்கே..."

"கடக்காரன் சொன்னதுக்கெல்லாம் லொறி ஓடுனா, நாளைக்கு சில்லறக்கட முதலாளி சொல்லுவான், நாளமறுநா மீன்காரன் சொல்லுவான். ஆபத்துன்னா டொக்டரு சும்மா இருப்பாரா? மனுசன் ஒனக்கிட்டயே சொல்லியிருப்பாரே. பயமில்லாததுனாலதான் ஒன்னயத் தேடச் சொல்லியிருக்காரு."

அந்த நியாயம் எல்லாருக்கும் சரியாகப் பட்டது. அழகையாவுக்கும் பட்டது. "டொக்டரே பயப்படல. நீ ஏன் தங்கச்சி அவளயும் பயமுறுத்துற?" என்றான்.

வீட்டுக்கு வந்தாள். சுந்தரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா? பாவி மகளே, வாயில என்னா வச்சிருந்த?"

"அவரு சொல்லலியேம்மா."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பேர் கூப்பிடும் நேரத்தில் புஷ்பவதிக்கு வலிப்பு கண்டது. நாக்கு கடிபட்டுப் பாய் நனைந்தது. இப்போது யாரும் துண்டு கேட்கவில்லை. லொறியில் சாக்கு விரித்து ஏற்றினார்கள். சந்திரகாந்தா அவள் பற்களுக்கிடையில் சேலைத் தலைப்பைத் திணித்தபடி கூடப் போனாள். அப்படிச் செய்யக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. மறியலில் ஆமிக்காரன் ஏறிப் பார்த்தான். அடையாள அட்டை கேட்க வாயெடுத்தவன் கேட்காமலே இறங்கி, கையைக் காட்டினான். இவ்வளவு காலமும் அவர்கள் பயந்துகொண்டிருந்தது அந்த இடத்துக்குத்தான். உக்குவளைக் கடவையில் ரயிலுக்காகக் கேற்றைச் சாத்தியிருந்தார்கள். ரயில் கடந்து கேற் திறந்தபோது லொறிக்குள் உதறல் நின்றுவிட்டிருந்தது. பிள்ளையையும் எடுக்க முடியவில்லை. பெண் பிள்ளைதான்.

அடுத்த கிழமை அமைப்பு விசாரணை நடத்தியது. டொக்டர் மாணிக்கவாசகம் குரலை உயர்த்தவேயில்லை.

"பேரும் சொல்லல, தோட்டமும் சொல்லல. பாடத்துல சந்தேகம்னு நெனச்சேன். தேடச் சொன்னேன். தேடுனாளா?"

"தேடுனேங்க ஐயா. புஹாரி நானாகிட்ட..."

"மருந்துக்கடையிலயா ஒன்னயப் படிக்க அனுப்புனோம்?"

பேர் சொல்லக் கூடாதென்று கட்டளை போட்டவர் யார் என்பதை ஸரீனா சொல்ல எழுந்தாள். ‘உங்களிடம் கேட்கவில்லை’ என்று உட்கார வைக்கப்பட்டாள். நிபந்தனைப்படி பாட அம்மாவை இழந்த மாணவிக்குச் சான்றிதழ் இல்லை. சந்திரகாந்தாவின் பெயரை வெட்டினார்கள். வகுப்புக்குக் கட்டி வரும் வெள்ளைச் சேலையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அது அமைப்பின் சொத்து.

அந்த மாதமே மதிப்பீட்டின் முடிவும் வந்தது. டொக்டர் மாணிக்கவாசகத்துக்கு இம்முறை எல்லா ஆசிரியரையும்விட உயர்ந்த புள்ளி. அதற்கு ஆதாரமாக ஒரேயொரு சம்பவத்தை எடுத்து எழுதியிருந்தார்கள்: ஒரு மாணவி தானாகவே ஆழமான கேள்வி கேட்டாள், பதிலைச் சொல்லிவிடும் ஆசையை ஆசிரியர் அடக்கிக்கொண்டார்.

தோட்டத்தில் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். ‘தேடிப் படிச்சவ’. பால் வெட்டும் மலையில் ஒருத்தியின் கத்தி காணாமல் போனால், "தேடிப் படிச்சவளக் கூப்புடு, கண்டுபுடிப்பா" என்பார்கள். அழகையா சாராயத்தைக் குடித்துவிட்டு சந்திரகாந்தா வீட்டு வாசலில் நின்று கத்துவான்.

"ஒரு பொய்! ஒரே ஒரு பொய் சொல்ல ஒனக்கு என்னாடி வலிச்சிச்சு? எம் பொண்டாட்டி இருந்திருப்பா!"

லயம் முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அவன் சொல்வது சரி என்பதால் யாரும் அவனைத் தடுப்பதில்லை. சந்திரகாந்தாவும் உள்ளேயிருந்து மறுத்துப் பேசியதில்லை.

எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஸரீனாவைத்தான் போட்டார்கள். சுந்தரம்மா தீர்மானித்த மூலையில் அவள் அடுப்பு வைத்திருக்கிறாள். வேண்டுமென்று கேட்டு வாங்கவில்லை. வேலை கிடைக்கும்போது தோட்டம் எது என்று பார்க்கும் நிலையில் அவள் வீடும் இல்லை.

யுத்தம் முடிந்த வருடம் நாவுலவில் ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு. மாணிக்கவாசகம் இப்போது மற்ற ஆசிரியர்களுக்குக் கற்பிக்கிறவர். கேள்விக்குப் பதில் சொல்லாமல் எப்படிப் படிப்பிப்பது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறார். பழைய மாணவிகளையும் அழைத்திருந்தார்கள். ஸரீனா போனாள். திரும்பி வந்தவள் நேரே மிளகு உலர்த்தும் தளத்துக்கு வந்தாள். அங்கே சந்திரகாந்தா மிளகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். லீவில் ஊருக்கு வந்திருந்த நானும் அங்கே நின்றேன்.

"ஒங் கதயத்தான் சொன்னாருடி. மொகம் வீங்குன கேள்விய."

"எம் பேரச் சொன்னாரா?"

"இல்ல. ‘ஒரு மாணவி’ன்னுதான்."

சந்திரகாந்தா விளக்குமாற்றை நிறுத்தாமல் கேட்டாள். "புஷ்பவதி அக்கா பேர?"

"அத எப்பிடிடி சொல்லுவாரு." ஸரீனா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "ஒரு வாத்தியார் எழும்பிக் கேட்டாரு, பொறகு அந்த மாணவி விடையத் தேடிக் கண்டுபுடிச்சாவான்னு. ‘மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்’னு சொன்னாரு. எல்லாரும் கைதட்டினாங்க."

"நீ?"

ஸரீனா என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அவ்வளவு பேர் தட்டக்குள்ள நான் மட்டும் எப்பிடிடி சும்மா இருக்கிற? வேல இருக்கே."

"சரி, காலத் தூக்கு" என்றாள் சந்திரகாந்தா. "மொளவ மிதிச்சிக்கிட்டு நிக்கிற."